முட்டை நின்ற கோழியெல்லாம் சீக்குக் கோழி இல்லை

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் பேசிய உரை)



"ஐயா, போன வாரம் வரைக்கும் நல்லா இட்டுக்கிட்டிருந்த கோழிங்க. பத்து நாளா கேறவும் இல்லை, முட்டையும் இல்லை. என்னன்னு தெரியலீங்களே!"

கால்நடை மருந்தகத்துக்கு மாட்டைப் பிடித்து வருகிறவர்கள்கூடப் போகிற போக்கில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போவார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள்தான். காரணம் உங்களுக்கே தெரியும். நெல்லு விற்ற காசும் பால் காசும் வீட்டுக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். கோழிக் காசு ஒன்றுதான் அவர்கள் கையில் நிற்கும். பிள்ளைக்கு நோட்டு வாங்க, திடீரென்று வந்த விருந்தாளிக்குக் குழம்பு வைக்க, அவசரத்துக்கு பஸ் சார்ஜுக்கு என்று எல்லாம் அதிலிருந்துதான். ஆகவே முட்டை நின்றால் மனசு பதறத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பதற்றத்தில் நாம் இரண்டு தப்புச் செய்கிறோம். முட்டை நின்ற கோழியை, "இது இனி உதவாது" என்று குழம்புக்கு அறுத்துவிடுகிறோம். அது பல சமயம் நல்ல ஆரோக்கியமான கோழியாக, ஓய்வில் இருக்கிற கோழியாக இருக்கும். இன்னொரு பக்கம், உண்மையாகவே சீக்கு வந்து தூங்கி விழுகிற கோழியை, "செத்துப் போறதுக்குள்ள காசாக்கிடலாம்" என்று சந்தைக்குக் கொண்டு போகிறோம். அது சந்தையில் நிற்கிற நூறு கோழிக்கும் நோயைக் கொடுத்துவிட்டு வருகிறது. வைத்துக்கொள்ள வேண்டியதை அறுக்கிறோம், வீட்டை விட்டு நகர்த்தக் கூடாததை ஊருக்கு அனுப்புகிறோம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதிக் கோழி பிழைத்துவிடும். அது எப்படி என்றுதான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

ஒரு முட்டை உண்டாக ஒரு நாள்

முதலில் ஒரு முட்டை எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். மஞ்சள் கரு முதிர்ந்து முட்டைக் குழாய்க்குள் இறங்குகிறது. அதைச் சுற்றி வெள்ளைக் கரு சேருகிறது, பிறகு மெல்லிய ஜவ்வு, கடைசியில் ஓடு. எல்லாம் சேர்ந்து சுமார் 25 மணி நேரம் ஆகிறது. அதில் ஓடு கட்டுவதற்கு மட்டும் ஏறக்குறைய 20 மணி நேரம் போய்விடும். ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தானே! அதனால்தான் இன்றைக்குக் காலை 8 மணிக்கு இட்ட கோழி நாளைக்கு 9 மணிக்கு இடும், அதற்கடுத்த நாள் இன்னும் தள்ளிப் போகும், பிறகு ஒரு நாள் இடாமலே இருக்கும். இடையில் ஒரு நாள் முட்டை இல்லை என்றால் அது குறையே இல்லை.

ஓட்டை விட்டுப் பார்த்தால் முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். ஓட்டில் ஒன்றரை முதல் 2 கிராம் வரை சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கருவில் நல்ல புரதச் சத்து இருக்கிறது. இத்தனையும் கோழி எங்கிருந்தோ கொண்டுவர முடியாது. தின்ற தீனியிலிருந்தும் குடித்த தண்ணீரிலிருந்தும்தான் வர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கையாக நிற்பது

நம் நாட்டுக்கோழி ஒரு தடவைக்கு 12 முதல் 15 முட்டை இடும். உடனே அடை உட்காரும். அடை 21 நாள். குஞ்சு பொரித்த பிறகு 2 மாதம், 3 மாதம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அலையும். அதுவரைக்கும் முட்டை கிடையாது. இப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 3 தடவை, 4 தடவைதான் முட்டைக்கு வரும். மொத்தமாக 50, 60 முட்டை. நன்றாகக் கவனித்தால் 80 வரைக்கும் கிடைக்கும். பண்ணையில் கூண்டில் வளர்க்கிற வெள்ளைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை இடுகிறது என்றால், அது அதற்கென்றே உண்டாக்கிய இனம், தீனியும் அதற்கென்றே அரைத்தது. அதோடு நம் கோழியை ஒப்பிட்டு மனசு சங்கடப்பட வேண்டியதில்லை.

அடைக்கோழியைப் பார்த்ததும் தெரியும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கிட்டே போனால் கர்ரென்று சத்தம் கொடுத்து, கூடையை விட்டு நகராமல் கிடக்கும். குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும் என்கிறவர்கள் அதைத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், மூக்கில் இறகைக் குத்திவிடுவதும் இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. வேண்டாமுங்க. அது வாயில்லா ஜீவனுக்கு வதை. புண்ணாகிச் சீழ் பிடிக்கவும் கூடும். காற்று நன்றாக வருகிற, அடியில் கம்பியோ மூங்கில் பட்டையோ அடித்த ஒரு கூண்டில், வைக்கோல் எதுவும் போடாமல், தீனியும் தண்ணீரும் மட்டும் வைத்து 3 முதல் 5 நாள் அடைத்து வையுங்கள். வயிற்றுக்கு அடியில் காற்றுப்பட்டுச் சூடு தணிந்தால் அடை தெளிந்துவிடும். சில நாள் கழித்து மறுபடியும் முட்டைக்கு வரும்.

குஞ்சு வேண்டும் என்றால் அடை வையுங்கள். குஞ்சுகளுக்கு ஒரு மாதம் ஆனதும் தாயிடமிருந்து பிரித்து, பூனை, காக்கை, கீரி அண்டாத கூண்டில் தனியாகத் தீனி போட்டு வளர்த்தால், தாய் சீக்கிரமாக அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும்.

இரண்டாவது காரணம் இறகு உதிர்ப்பு. வளர்ந்த கோழி வருடத்துக்கு ஒரு தடவை பழைய இறகை உதிர்த்துப் புது இறகு போடும். முதலில் தலை, கழுத்து, பிறகு உடம்பு, கடைசியில் இறக்கையும் வாலும். இறகு என்பது பெரும்பாலும் புரதம்தான். முட்டைக்குப் போகிற சத்து இறகுக்குத் திரும்பிவிடுவதால் 2, 3 மாதம் முட்டை நிற்கும். கோழி பார்ப்பதற்குப் பஞ்சத்தில் அடிபட்ட மாதிரி இருக்கும். ஆனால் தீனி எடுக்கும், சுறுசுறுப்பாகத் திரியும். தோலைத் தடவிப் பார்த்தால் முள் முள்ளாகப் புது இறகு கிளம்புவது கையில் தட்டுப்படும். இந்தக் கோழியைத்தான் நிறையப் பேர் சீக்குக் கோழி என்று அறுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். புது இறகு போட்டு முடித்த கோழி மறுபடியும் நல்ல முட்டை தரும்.

மூன்றாவது வெயிலும் வெளிச்சமும். சித்திரை, வைகாசி வெயிலில் கோழி வாயைத் திறந்துகொண்டு இளைக்கும். தீனி குறையும், முட்டை குறையும், ஓடும் மெலிந்து போகும். தீனியை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். மண் சட்டியில் குளிர்ந்த தண்ணீரை நிழலில் வையுங்கள். அடைமழை நாளிலும் மார்கழியிலும் வேறு கதை. நம் ஊரில் ஆனி மாதம் பகல் 12½ மணி நேரத்துக்கு மேல் இருக்கும். மார்கழியில் 11½ மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். கோழிக்கு வெளிச்சம் பெரும்பாலும் மண்டை ஓட்டைக் கடந்து மூளைக்குப் போய்த்தான் முட்டை இடும் சுரப்பைத் தூண்டுகிறது. வெளிச்சம் குறைந்தால் முட்டையும் கொஞ்சம் குறையும். இதற்காக விளக்குப் போட வேண்டியதில்லை. இருட்டு மூலையில் இருக்கிற கூண்டை வெளிச்சம் படுகிற இடத்துக்கு மாற்றி, காலையில் சீக்கிரம் திறந்துவிட்டால் போதும்.

நான்காவது வயது. நாட்டுப் பெட்டை ஆறு, ஏழு மாதத்தில் முதல் முட்டை இடும். இரண்டு வயதுக்கு மேல் வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். உண்மையாகவே அறுக்க வேண்டிய கோழி இந்தக் கிழட்டுக் கோழிதான்.

நம்மால் நிற்பது

இனி நம் பக்கத்துக் குறைகளைப் பார்ப்போம். அறுவடை முடிந்த நாளில் களத்திலும் வயலிலும் சிந்திய மணி இருக்கும், புழு பூச்சி இருக்கும். கோழி வயிறு நிறைய மேயும். விதைப்பு ஆனதும் வயலில் விடமாட்டோம், வீட்டைச் சுற்றியே அடைத்து வைப்போம். மேய்ச்சல் போய்விட்டது, கையால் போடுகிற தீனி மட்டும் கூடவில்லை. முட்டை நிற்காமல் என்ன செய்யும்?

முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் தீனி வேண்டும். வெளியில் மேய்கிற கோழி பாதியைத் தானே தேடிக்கொள்ளும். மீதி 40, 50 கிராமை, அதாவது ஒரு கைப்பிடி அளவு, நாம் போட வேண்டும். கம்பு, சோளம், குருணை, தவிடு எல்லாம் நல்லதுதான். ஆனால் வெறும் அரிசியும் தவிடும் போட்டால் கொழுப்புத்தான் கட்டும், முட்டைக்கு வேண்டிய புரதம் கிடைக்காது. கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், அசோலா, முருங்கைக் கீரை சேர்க்கலாம். செலவே இல்லாத புரதம் கறையான். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கறையான் ஏறியிருக்கும். கோழிகளுக்கு அதைவிடப் பலகாரம் வேறு இல்லை.

ஒரு எச்சரிக்கை. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கையும் சோளத்தையும், "மாடு தின்னாது, கோழிக்குப் போடு" என்று போடாதீர்கள். அந்தப் பூஞ்சணத்தில் இருக்கிற நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்து முட்டையை நிறுத்திவிடும்.

ஓடு மெலிந்தோ, ஓடே இல்லாத தோல் முட்டையாகவோ வந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முதலில் சந்தேகப்படுங்கள். கிளிஞ்சலைப் பொடித்து ஒரு கொட்டாங்கச்சியில் தனியாக வைத்துவிடுங்கள். வேண்டிய அளவு கோழியே கொத்திக்கொள்ளும். வீட்டு முட்டை ஓட்டையும் நன்றாகக் காயவைத்து நொறுக்கிப் போடலாம். முழுசாகப் போட்டால் தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

தண்ணீரை நாம் பெரிதாக நினைப்பதில்லை. ஒரு கோழி நாளைக்குக் கால் லிட்டர் வரை குடிக்கும், கோடையில் அதற்கு மேலும் குடிக்கும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்த கோழி அதற்குப் பிறகு பல நாள் முட்டை இடாமல் போகலாம். சாக்கடைத் தண்ணீரைத் தேடிப்போய்க் குடிக்கிற நிலைமையை நாம் உண்டாக்கக் கூடாது.

நாய் விரட்டுவது, இடம் மாற்றுவது, புதுச் சேவல் வந்து சண்டை போடுவது, இவையும் முட்டையைச் சில நாள் நிறுத்தும். சில சமயம் கோழி இட்டுக்கொண்டேதான் இருக்கும், நமக்குத்தான் கிடைக்காது! வைக்கோல் போரிலோ, விறகு அடுக்கிலோ, வேலி ஓரத்திலோ ரகசியமாக இட்டு வைத்திருக்கும். கீரியும் பாம்பும் காக்கையும் எடுத்துப் போகும். சந்தேகம் இருந்தால் காலையில் 10, 11 மணி வரை கூண்டிலேயே வைத்திருந்து பாருங்கள். கள்ளத்தனம் வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக, பேன், செல், உண்ணி. பேன் கோழியின் உடம்பிலேயே, முக்கியமாக வாலுக்கு அடியில் இருக்கும். செல்லிலும் உண்ணியிலும் சில வகை பகலில் கூண்டுப் பலகை இடுக்கில் ஒளிந்திருந்து ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி 9 மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு போய்க் கூண்டு இடுக்கைப் பாருங்கள். கொண்டை வெளுத்துப் போன கோழி இருக்கிற வீட்டில் பெரும்பாலும் விடை அங்கேதான் இருக்கும். கூண்டைச் சுத்தம் செய்து, இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு பூசி, கோழிகள் புரள்வதற்குச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் போட்டு வையுங்கள். மருந்து தெளிக்க வேண்டியிருந்தால் மருத்துவரைக் கேட்டுத் தெளியுங்கள். பயிருக்கு அடிக்கிற மருந்தை எடுத்துக் கோழிக்கு அடித்துவிட்டு, மறுநாள் மொத்தக் கோழியையும் புதைத்தவர்கள் உண்டு.

கையால் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்

முட்டையில் இருக்கிற கோழியா, ஓய்வில் இருக்கிற கோழியா என்பதைப் பிடித்துப் பார்த்தே சொல்லலாம். முட்டையில் இருக்கிற கோழியின் கொண்டை சிவந்து, பருத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். முட்டை வருகிற துவாரம் அகன்று ஈரமாக இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு முனை தட்டுப்படும். அவற்றுக்கு நடுவில் 2 விரல், 3 விரல் நுழைகிற இடம் இருந்தால் முட்டையில் இருக்கிறது. ஒரு விரல்தான் நுழைகிறது, துவாரம் சுருங்கிக் காய்ந்திருக்கிறது, கொண்டையும் சிறுத்திருக்கிறது என்றால் ஓய்வில் இருக்கிறது. ஓய்வில் இருக்கிற கோழியின் கொண்டை சிறுத்திருக்கலாம். ஆனால் கண் பளிச்சென்று இருக்கும், தீனிக்கு முதல் ஆளாக ஓடிவரும். சீக்குக் கோழி அப்படி ஓடிவராது. வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

சாயங்காலம் 5 நிமிஷம்

சீக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். தினமும் கூண்டில் அடைக்கிற நேரத்தில் 5 நிமிஷம் நின்று பாருங்கள்.

தீனியைத் தூவியதும் எல்லாம் ஓடிவருகிறதா? எது ஒதுங்கி நிற்கிறதோ அதைப் பிடியுங்கள். கழுத்துக்கு அடியில் இருக்கிற இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். சாயங்காலம் அது நிறைந்திருக்க வேண்டும், காலையில் காலியாக இருக்க வேண்டும். சாயங்காலமே காலி என்றால் கோழி தின்னவில்லை. காலையிலும் கல் மாதிரி இருந்தால் கயிறோ, பிளாஸ்டிக்கோ, நாரோ அடைத்திருக்கிறது.

பிறகு கண், மூக்கு. கண்ணில் நுரையோ, மூக்கில் சளியோ, முகத்தில் வீக்கமோ இருக்கிறதா? முகம் வீங்கி நாற்றத்தோடு சளி ஒழுகினால் அது சளி நோய். மற்ற கோழிக்குத் தண்ணீர்ச் சட்டி வழியாகப் பரவும். கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா? ராத்திரி கூண்டருகே காது வைத்தால் கர் கர் என்று சத்தம் கேட்கிறதா?

அடுத்தது எச்சம். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல எச்சம் பழுப்பாகக் கெட்டியாக இருக்கும், அதன் தலையில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருக்கும். அந்த வெள்ளை கோழியின் மூத்திரம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று கூழ் மாதிரி நாற்றத்தோடு வரும், அதுவும் இயல்புதான். தண்ணீராகப் பச்சையும் வெள்ளையும் கலந்து போனால், பின்பக்க இறகில் ஒட்டிக் காய்ந்திருந்தால், ரத்தம் கலந்திருந்தால், அதுதான் நோய். குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வருவது பெரும்பாலும் ஈரத் தரையால்தான். தரையைக் காயவைத்து, உடனே மருத்துவரிடம் மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தால் காப்பாற்றிவிடலாம்.

கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கொப்புளம் வந்து கறுத்துப் பொருக்குத் தட்டினால் அது அம்மை. கொசுக்கடியால் பரவும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவுவது நம் வழக்கம். புண்ணில் ஈ மொய்க்காமல் இருக்க அது உதவும். ஆனால் கண் மூடிப்போன கோழிக்குத் தீனியைக் கையால் ஊட்டாவிட்டால் பட்டினியால் செத்துவிடும். அதை மறந்துவிடாதீர்கள்.

பெட்டைக்கோழி வாலைத் தொங்கப்போட்டு, நிமிர்ந்து நின்று, முக்கிக்கொண்டே இருந்தால் முட்டை அடைத்திருக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் வைத்து, அமைதியான இடத்தில் விடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள். உள்ளே முட்டை உடைந்தால் கோழி பிழைப்பது கஷ்டம்.

வெள்ளைக் கழிச்சல்

எல்லாவற்றிலும் பெரிய எதிரி இதுதான். "ஊர்ல சீக்கு வந்துருச்சு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த நோயைத்தான். குமாவோன் மலையில் இருக்கிற ராணிகேத் என்ற ஊரின் பெயரால் இதை ராணிகேத் நோய் என்று சொல்வார்கள். இங்கிலாந்தில் 1926-ல் நியூகாசில் என்ற ஊரில் கண்டதால் நியூகாசில் நோய் என்றும் பெயர் உண்டு.

தீனி எடுக்காது. இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். மூச்சுத் திணறும். தப்பிப் பிழைத்ததில் சிலது கழுத்தைத் திருகிக்கொள்ளும், காலை இழுக்கும். முட்டையிடும் கோழியில் முதல் அடையாளமே முட்டை திடீரென்று நிற்பதாகவும், தோல் முட்டையாகவும், கோணல் முட்டையாகவும் இருக்கலாம். ஒரு கோழி முட்டை நிறுத்தினால் அது அதனுடைய சொந்தக் காரணம். வெவ்வேறு வயதுக் கோழிகள் நாலைந்தும் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டு, தீனியும் குறைந்தால், அது எச்சரிக்கை மணி.

இந்த நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. மிளகு, பூண்டு, மருந்துக் கடையில் வாங்கிய மனுஷ மாத்திரை எதுவும் இதை நிறுத்தாது. வருமுன் தடுப்பதுதான் வழி. குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 28-ம் நாள் மறுபடியும் சொட்டு மருந்து, 8-வது வாரத்தில் இறக்கையில் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் திரும்பவும். தடுப்பூசியை ஐஸில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். வெயிலில் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தால் போட்டும் பலன் இல்லை. நோயில்லாத கோழிக்கு மட்டும்தான் போட வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்பு பூச்சி மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். முட்டையில் இருக்கிற கோழிக்கு ஊசி போட்டால் சில நாள் முட்டை குறையலாம். பயப்பட வேண்டாம், திரும்ப வந்துவிடும்.

கால்நடைப் பராமரிப்புத் துறை வருடந்தோறும், பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில், கிராமங்களில் இதற்கென்று முகாம் நடத்துகிறது. தண்டோராவோ, வாட்ஸப் செய்தியோ வந்தால், "நம்ம கோழி நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். நன்றாக இருக்கும்போதுதான் போட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனி மாதிரியே தின்னக் கொடுக்கும் குருணைத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. பிடிபடாமல் மரத்தில் ஏறி அடைகிற கோழி வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

சீக்கு என்று தெரிந்த அன்றைக்கு

ஒரு ஊரில் ஒரு பெரியம்மா என்னிடம் சொன்னதை மறக்க முடியாது. திருவிழாவுக்கு உறவுக்காரர் சந்தையிலிருந்து ஒரு சேவல் வாங்கி வந்தார். இரண்டு நாள் மற்றக் கோழிகளோடு விட்டார்கள். சேவல் மந்தமாகத்தான் இருந்தது. "அலுப்பு" என்று நினைத்தார்கள். வாரம் திரும்புவதற்குள் அவர் வீட்டில் இருந்த 11 கோழியில் 2 மிஞ்சியது. தெருவில் பாதி வீட்டுக் கூண்டு காலி. "நான் தெருவுக்கே கடன் பட்டுட்டேன் சாமி" என்றார் அந்த அம்மா. அவர் மேல் என்ன தப்பு? யாரோ ஒருவர் சீக்குக் கோழியைக் காசாக்கியதன் கணக்கு அங்கே வந்து விழுந்தது.

ஆகவே சந்தையில் வாங்கிய கோழியை 2 வாரத்துக்குக் குறையாமல், முடிந்தால் 3 வாரம், தனிப் பஞ்சாரத்தில், தனித் தண்ணீர்ச் சட்டியோடு வையுங்கள். உங்கள் கோழிக்கு முதலில் தீனி போட்டுவிட்டு, கடைசியில் அதற்குப் போடுங்கள். கையையும் செருப்பையும் கழுவுங்கள்.

வீட்டில் ஒரு கோழி சோர்ந்தால் அன்றைக்கே பிரியுங்கள். எச்சத்தையும் பழைய தீனியையும் அப்புறப்படுத்துங்கள். அதை விற்காதீர்கள். அறுத்து இறகையும் குடலையும் தெருவில் போடாதீர்கள். செத்த கோழியை வாய்க்காலிலோ, கிணற்றிலோ, ரோட்டோரத்திலோ எறியாதீர்கள். நாய் தோண்டாத ஆழத்தில், 3, 4 அடிக் குழியில் சுண்ணாம்புத் தூள் போட்டுப் புதையுங்கள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையையும் கறியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டு, அதுவரைக்கும் தவிருங்கள்.

ஒரே நாளில் பல கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தால் கையால் தொடாதீர்கள். குழந்தைகளை விடாதீர்கள். பறவைக் காய்ச்சல் நம் நாட்டுக்குள் 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அது மனுஷர்களுக்கும் தொற்றக்கூடியது. இப்படி நடந்தால் மறைக்காமல் உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

சுவரில் ஒரு கோடு

முடிக்கும்போது ஒரு சின்ன வேலை சொல்கிறேன். கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில் கோழிக்கு ஒரு வரிசையாக, முட்டை இட்ட நாளில் ஒரு கரிக்கோடு போடுங்கள். எது அடைக்கு உட்கார்ந்தது, எது இறகு உதிர்த்தது, எது இரண்டு வருடம் தாண்டியது என்று அதன் பக்கத்திலேயே ஒரு அடையாளம் வையுங்கள். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. ஒரு கோழியின் கோடு மட்டும் நின்றால் அந்தக் கோழியைப் பிடித்துப் பாருங்கள். எல்லாக் கோடும் ஒன்றாக நின்றால் முதலில் தீனியையும் தண்ணீரையும் பாருங்கள். கோழிகள் சோர்ந்தும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த தடவை முட்டை நின்றதும் அரிவாள்மனையை எடுக்காதீர்கள், சந்தைக்கூடையையும் எடுக்காதீர்கள். முதலில் கோழியைக் கையில் எடுங்கள். கொண்டையைப் பாருங்கள், இரைப்பையைத் தொடுங்கள், எச்சத்தைப் பாருங்கள். என்ன குறை என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.